தாடையைக் கொஞ்சம் தூக்குங்கள்

ஜனவரி 27, திங்கள்

கை நடுக்கம் குறைய வேண்டுமானால் தினமும் கொஞ்சம் எழுதிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுதுங்கள் என்றார். கலர் லேப்காரர்கள் வருஷா வருஷம் ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும் டைரி பையில் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், ஊர், தொழில் எல்லாம் கேட்டிருந்தார்கள். கோமதிநாயகம், சங்கரன்கோவில் என்று எழுதிவிட்டுத் தொழில் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டோகிராபர் என்றே எழுதினேன். கேமராவைத் தூக்கினால் கை ஆடுகிறது என்பதை யாரும் அங்கே கேட்கவில்லை.

பின்மண்டையில் இருந்த கட்டியை மார்கழியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் அணுக்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரில் இறங்கியிருக்கலாமாம். எங்கே இறங்கியது என்று தெரியாததால் உச்சந்தலை முதல் இடுப்பு வரை முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் மதுரைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் நானும் பகவதி அக்காவும் அறை எடுத்திருக்கிறோம்.

இன்றைக்கு முகத்துக்கு அச்சு எடுத்தார்கள். சல்லடை மாதிரி துளைகள் போட்ட ஒரு வெள்ளைத் தகட்டை வெந்நீரில் போடுகிறார்கள். அது அப்பளம் நமுத்த மாதிரி தொளதொளத்துப் போகிறது. மல்லாந்து படுத்திருக்கும் நம் முகத்தின் மேல் அதை இழுத்து, தோள் வரைக்கும் இறக்கி, ஓரங்களைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டுகிறார்கள். ஆறியதும் கெட்டியாகி நம் முகமாகவே நின்றுவிடுகிறது. இனி தினமும் இதற்குள் முகத்தைக் கொடுத்தால் போதும், தலை ஒரு நூல் அசையாது.

செய்தவர் பெயர் எமல்டா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். "சிஸ்டர்" என்று கூப்பிட்டேன். "நான் நர்ஸ் இல்லண்ணே, டெக்னீசியன்" என்றார்.

"இப்ப எப்படிப் படுக்குறீங்களோ அதை வச்சுத்தான் எல்லாக் கணக்கும் போடுவாங்க. ஒடம்ப லூசா விட்ருங்க."

என்னிடமா சொல்லுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் பாதிப் பேரை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் படம் எடுத்தவன் நான். தாடையை லேசாக முன்னால் தள்ளிக் கொஞ்சம் தூக்கினேன். தோள்களைக் கீழே இறக்கிக் கழுத்தை நீட்டினேன். எத்தனை மாப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். இப்படி இருந்தால் கழுத்துச் சதை மறையும், முகத்தில் ஒரு தெம்பு வரும். தகடு ஆறும் வரை அப்படியே இருந்தேன், இமை கூட ஆடவில்லை.

"சூப்பரா ஒத்துழைக்கிறீங்கண்ணே. சில பேரு பயந்து துள்ளிருவாங்க" என்றார் எமல்டா.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் மார்ச் பதினாலாம் தேதியோடு முடிந்துவிடும் என்கிறார் டாக்டர். என் மனைவி வடிவுக்குப் பிரசவம் இருபதாம் தேதியை ஒட்டி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன தடவை ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துபோனபோது நான் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மேடையில் இருந்தேன். இந்தத் தடவை பிரசவ அறை வாசலில் நான் நிற்பேன் என்று வளைகாப்பன்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஐந்தாறு நாள் மிச்சம் இருக்கிறது. போதும்.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் நாள். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்க வேண்டும். நெஞ்சிலும் விலாவிலும் பச்சை குத்திய சின்னப் புள்ளிகள் இருக்கின்றன. சுவரிலிருந்து வரும் சிவப்புக் கோடுகள் அந்தப் புள்ளிகளின் மேல் விழும்படி எமல்டாவும் இன்னொருவரும் விரிப்பைப் பிடித்து என்னை அரை விரற்கடை இந்தப் பக்கம், அரை விரற்கடை அந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள். நானே உதவி செய்ய இடுப்பைத் தூக்கினேன். "நீங்க நகராதீங்கண்ணே, நாங்க நகத்துறோம்" என்றார். மூட்டை மாதிரி இருக்க வேண்டுமாம்.

பிறகு கதவு மூடியது. கண்ணை மூடியிருந்தும் ஒரு நீல வெளிச்சம் வந்தது. அறையில் லைட் எதுவும் அப்படி இல்லை என்று எமல்டா சொல்கிறார். கதிர் போகும்போது சிலருக்கு அப்படித் தெரியுமாம். கூடவே பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் மாதிரி ஒரு வாடை. ஆயுசு முழுக்க அடுத்தவன் கண்ணில் ஃப்ளாஷ் அடித்தேன். இப்போது என் மண்டைக்குள் யாரோ அடிக்கிறார்கள்.

மத்தியானம் இரண்டு தடவை வாந்தி. அக்காவிடம் ஒரு தடவை என்று சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

வடிவு வீடியோவில் கூப்பிட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் கழுகுமலையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒன்பதாம் மாதத்தை நோக்கிப் போகிறவளுக்கு இந்த முகத்தைக் காட்ட வேண்டாம்.

பதிலுக்குப் படம் அனுப்பினேன். லாட்ஜ் ஜன்னலில் காலை எட்டு மணி வாக்கில் நல்ல வெளிச்சம் விழுகிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து, தொப்பி போட்டு, தாடையைத் தூக்கி ஒரு செல்ஃபி. கை ஆடியதால் ஏழெட்டு எடுத்து ஒன்றைத் தேற்றினேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு சுத்தமாகத் தெரியவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு இதுதான் சௌகரியம்.

"நல்லா இருக்கிய" என்று பதில் வந்தது. வெறும் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பூப்படம் கூட இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அந்த முக அச்சை இங்கே மாஸ்க் என்கிறார்கள். அதைக் கழற்றும்போது எமல்டாவிடம் கேட்டேன், தினமும் ஏன் இத்தனை கோடு பார்க்கிறீர்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் என்ன என்று.

"தலைக்கு ரெண்டு பக்கமிருந்தும் கதிர் வருது. முதுகுக்கு டேபிளுக்கு அடியில இருந்து வருது. ரெண்டும் கழுத்துல வந்து சேருது. கழுத்து கொஞ்சம் நகந்துச்சுன்னா, ஒரே எடத்துல ரெண்டும் பட்டு நரம்பு வெந்து போகும். இல்லாட்டி நடுவுல ஒரு எடம் ரெண்டுமே படாம தப்பிச்சிரும். அங்க ஒரு அணு உக்காந்திருந்தா போதும், திரும்ப வந்துரும். அதுக்காகத்தான் அந்தச் சேர்ற கோட்டையே வாரம் ஒரு தடவ தள்ளி வைப்போம்."

எனக்குக் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே குரூப் போட்டோ போடும்போது நடு மடிப்பில் யாராவது ஒரு சித்தப்பா விழுந்து மூக்கில்லாமல் போய்விடுவார். அந்தக் குடும்பம் ஜன்மத்துக்கும் நம்மை மன்னிக்காது. சொன்னேன். எமல்டா சிரித்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சோறு மண் மாதிரி இருக்கிறது. களைப்பு.

பிப்ரவரி 13, வியாழன்

மெஷின் ரிப்பேர். நேற்றும் இன்றும் சிகிச்சை இல்லை. முடியும் தேதி அவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது. மார்ச் பதினெட்டு என்கிறார்கள். காத்திருக்கும் கூடத்தில் சீனிச்சாமி அண்ணாச்சியோடு பேச்சு. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டியவர். தொண்டைக்குக் கதிர் வைக்கிறார்கள், அவருக்கும் மாஸ்க் உண்டு. எங்கள் லாட்ஜில்தான் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். பேச்சு காற்றாகத்தான் வருகிறது.

அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். குடித்துவிட்டேன் என்று சொல்லி டம்ளரைக் காட்டினேன். வாஷ்பேசினைக் கழுவ மறந்துவிட்டேன் போலிருக்கிறது. அதில் கிடந்த கஞ்சியை அவள்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் தலையணை முழுக்க முடி. சலூனுக்குப் போய் ஒரேயடியாக மழித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் என் சொந்த ஐ.டி. கார்டுக்கே நான் பொருந்த மாட்டேன்.

இன்றைக்கு டேபிளில் நேரம் ஆயிற்று. படுக்க வைத்து, மாஸ்க் மாட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சரியில்லை. கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார்கள். முடி எடுத்ததால் மாஸ்க் லூசாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு விரலை விட்டுப் பார்த்தார்கள். அதெல்லாம் இல்லையாம். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. இரண்டு தோளுக்கும் நடுவே கம்பியால் குத்திய மாதிரி வலி.

வடிவுக்குத் தொப்பியோடு படம் அனுப்பினேன். "தொப்பியக் கழட்டுனா என்ன" என்று கேட்டிருந்தாள். ஏ.சி. குளிர் என்று சொல்லிவிட்டேன். லாட்ஜில் ஏ.சி. கிடையாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்றும் அதே கதை. எரிச்சலாக வந்தது. எழுந்ததும் எமல்டாவிடம், "என்னம்மா, தெனமும் ஒரே வேலைதான, ஏன் இம்புட்டு நேரம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வெளியே கூட்டிப் போய்த் திரையைக் காட்டினார். முதல் நாள் எடுத்த எலும்புப் படம், இன்றைக்கு எடுத்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றித் தட்டினார். மண்டை ஓடு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. கழுத்தெலும்பு மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இறங்கி மேலே ஏறுகிறது. தோளும் கூடவே குதிக்கிறது.

"நீங்க அசையுறீங்களாண்ணே?"

"நானா? ஒரு மயிரிழை அசையல. அசையாம இருக்கிறதுதான்மா என் தொழிலே."

அவர் வேலையில்தான் ஏதோ கோளாறு. தோளுக்குக் கீழே வைக்கும் பஞ்சை மாற்றி வைக்கிறாரோ என்னவோ.

பிப்ரவரி 19, புதன்

கணக்கெல்லாம் போடுகிற பிசிக்ஸ் சார் நேரில் வந்தார். நான் மாஸ்க்குக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன்.

"எமல்டா, மூணு நாளா இதே எரர். பேஷண்ட் அசையிறாரா?"

"இல்ல சார், கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"அப்ப செட்டப்புலதான் தப்பு."

என் கிளிப்பைக் கழற்றியதும் சார் என்னிடமே கேட்டார். "நான் அசையவே இல்ல சார்" என்றேன். உண்மைதானே. எமல்டா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது என்று இன்று நிறுத்திவிட்டார்கள். முடியும் தேதி மார்ச் பத்தொன்பது ஆகிவிட்டது. இருபதுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ராத்திரிதான் பாக்கி. பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் கழுகுமலை. முடியும்.

எழுத முடியவில்லை. கை ஓடவில்லை, கண் சொருகுகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

எமல்டாவை என் மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொரு பையன் வந்து படுக்க வைத்தான். அவனுக்கும் நாலு தடவை ஆயிற்று. போகும் வழியில் எமல்டாவைப் பார்த்தேன். "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

பிப்ரவரி 22, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்றைக்கு லீவு. சீனிச்சாமி அண்ணாச்சி மெதுவாக மாடி ஏறி வந்தார். அவர் மகள் திருப்பூரில் இருக்கிறாள். தினமும் போட்டோ கேட்டுத் தொந்தரவு செய்கிறாளாம்.

"நல்லா இருக்கேன்னு தெரியிற மாதிரி ஒண்ணு எடுங்க தம்பி. போனுலயே போதும்."

எனக்கும் ஒரு உற்சாகம் வந்தது. ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். கழுத்துப் புண் தெரியாமல் துண்டைச் சரிசெய்தேன். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. முன்னால தள்ளுங்க. தோள எறக்குங்க. அப்படியே இருங்க." மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வயது குறைந்து உட்கார்ந்தார். எடுத்தேன்.

கை நடுங்கியதில் இன்னொரு தடவை அழுத்தியிருக்கிறேன். அந்த இரண்டாவது படத்தில் அவர் விட்டுவிட்டார். எல்லாரும் அப்படித்தான், க்ளிக் சத்தம் கேட்டதும் விட்டுவிடுவார்கள். தாடை நெஞ்சுக்கு இறங்கி, தோள் மேலே ஏறி, கழுத்து உள்ளே போய், வெறும் களைத்த மனிதன்.

எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்க முன்னும் பின்னும் தள்ளினேன். கழுத்து இறங்கியது, ஏறியது. இறங்கியது, ஏறியது. தோள் கூடவே குதித்தது.

எமல்டாவின் திரையில் நான் பார்த்ததும் இதுதான்.

அச்சு எடுத்த அன்று நான் படுத்திருக்கவில்லை. போஸ் கொடுத்திருக்கிறேன். லூசாக விடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் மாப்பிள்ளை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தேன். அந்தக் கழுத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். முதல் வாரம் தெம்பு இருந்தது, என்னை அறியாமலே அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது பிடிக்க முடியவில்லை. நான் அசையவில்லை என்று சொன்னதும் உண்மை. அன்றைக்குப் படுத்திருந்த ஆள் இவன் இல்லை என்பதும் உண்மை.

"எதத் தம்பி அனுப்ப?" என்று கேட்டார் சீனிச்சாமி.

"மொதப் படத்த" என்றேன். வாயில் பழக்கமாக வந்துவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொன்னால் புதிதாக அச்சு எடுக்க வேண்டும், புதிதாக ஸ்கேன், புதிதாகக் கணக்கு. நாள் தள்ளிப் போகும். வடிவு பிரசவ அறைக்குள் போகும்போது நான் இங்கே படுத்துக் கிடப்பேன்.

சொல்லாவிட்டால் என்ன? தினமும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். எத்தனை நேரம், கால் மணி, இருபது நிமிஷம். வைராக்கியம் இருந்தால் முடியாதா?

லாட்ஜ் கட்டிலில் தலையணை இல்லாமல் படுத்துப் பழகிப் பார்த்தேன். தாடையைத் தூக்கினேன், தோளை இறக்கினேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்து நடுங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது அக்கா உள்ளே வந்தாள்.

"ஏல, என்னல இது, போட்டோ எடுக்கப் போறாப்ல கெடக்க?"

சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கதிர், கோடு எதுவும் புரிந்திருக்காது.

"நீ நாளைக்குப் போய்ச் சொல்லிருல. அந்தப் பிள்ள வேற உன்னால ஏச்சு வாங்குது" என்றாள்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லிவிட்டேன். டாக்டர், பிசிக்ஸ் சார், எமல்டா மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லி, அண்ணாச்சியின் இரண்டு படங்களையும் போனில் தள்ளிக் காட்டினேன். சார் வாங்கி அவரே நாலு தடவை தள்ளிப் பார்த்தார். பிறகு எமல்டா பக்கம் திரும்பி, "சாரிம்மா" என்றார். நானும் சொன்னேன்.

"அண்ணே, நானும் கவனிச்சிருக்கணும். ரொம்ப அழகா படுத்திருந்தீங்க. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார் எமல்டா.

இதுவரை கதிர் தவறான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார் டாக்டர். சரியாக வரும் வரை மறுபடி மறுபடி படுக்க வைத்துத்தான் தினமும் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் முணுமுணுத்த அந்தத் தாமதம்தான் என் கழுத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இனியும் அப்படி ஓட்ட முடியாது. புதிதாக எல்லாம் செய்தால் மார்ச் இருபத்தைந்து.

"பரவாயில்லையா?" என்றார் டாக்டர்.

"பரவாயில்ல" என்றேன். வாய்தான் சொன்னது. வெளியே வந்து இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

புது அச்சு. எமல்டாவே செய்தார். வெந்நீரில் தகடு ஊறும் வரை என்னைச் சும்மா படுக்கச் சொன்னார். தாடை தானாகத் தூக்கிக்கொள்ளப் பார்க்கிறது. கழுத்தை விட்டால் தோள் இறுகுகிறது, தோளை விட்டால் கழுத்து நீளுகிறது. சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க யாரும் உங்களப் படம் எடுக்கலண்ணே" என்றார். லைட்டைக் குறைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவசரப்படுத்தவில்லை. நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அதற்கு முந்திய ராத்திரியும் இல்லை. கதகதப்பாக ஏதோ முகத்தில் விழுந்தது மட்டும் தெரியும். கண் விழித்தபோது தகடு ஆறியிருந்தது.

"தூங்கிட்டீங்க. அதுதான் வேணும்" என்றார்.

அந்த மாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். வாய் லேசாகத் திறந்து, தாடை தளர்ந்து, கிழவன் மாதிரி ஒரு முகம். ஸ்டுடியோவில் இப்படி ஒரு படம் எடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

சாயங்காலம் வடிவுக்கு வீடியோ போட்டேன். தொப்பி போடவில்லை. ஜன்னல் பக்கம் போகவில்லை, ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிரசவத்துக்கு வர முடியாது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்.

"தெனமும் ஒரே மொகத்த அனுப்புனிய. நம்ம கல்யாண ஆல்பத்துல இருக்குத அதே மொகம். மனுசனுக்குக் காய்ச்ச வந்தாக்கூட மொகம் மாறும். இதப் பாத்துப் பாத்து எனக்குத்தான் பயமா இருந்துச்சு" என்றாள்.

"வாசல்ல நிப்பேன்னு சொல்லிட்டு..."

"பிள்ள பெறக்கையில நீங்க நிக்க வேண்டாம். அது நடந்து பழகையில நீங்க நிக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். நானும் அழுதேன். அத்தை போனை வாங்கி இரண்டு பேரையும் ஏசிவிட்டு வைத்துவிட்டார்கள்.

மார்ச் 3, திங்கள்

புதுக் கணக்கில் மறுபடி ஆரம்பம். ஒரே எக்ஸ்ரே, முதல் தடவையிலேயே பொருந்திவிட்டது.

மார்ச் 6, வியாழன்

டேபிளில் தூங்கிவிட்டேன். கதவைத் திறந்து வந்த எமல்டா, "அண்ணே, கொறட்ட மைக்குல கேக்குது" என்றார்.

மார்ச் 12, புதன்

தண்டுவடத்துக்கு முடிந்துவிட்டது. இனி பின்மண்டைக்கு மட்டும். தொண்டையில் எரிச்சல். எதைச் சாப்பிட்டாலும் இரும்பு ருசி. அக்காவிடம் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பாதிக் கஞ்சியை அப்படியே வைத்தேன். அவள் மீதியை எடுத்து மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தாள். இறங்கியது.

மார்ச் 17, திங்கள்

அக்காவைக் கழுகுமலைக்கு அனுப்பிவிட்டேன். என் இடத்தில் அவள் நிற்கட்டும். சீனிச்சாமி அண்ணாச்சி என்னோடு மேலே வந்து படுத்துக்கொள்கிறார். அவர் மகள் வந்து போனாள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு வராமல் இருந்தவள், போன வாரம் அவர் இரண்டாவதையும் அனுப்பியதும் பஸ் ஏறிவிட்டாளாம்.

மார்ச் 20, வியாழன்

விடியற்காலையில் அக்கா கூப்பிட்டாள். வலி எடுத்துவிட்டது, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். அதற்குப் பிறகு போன் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. ஒன்பதரைக்கு என் முறை. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போனேன்.

போனை எமல்டாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "நான் வச்சிருக்கேன். நீங்க படுங்க" என்றார்.

மாஸ்க் மாட்டினார்கள். கழுத்து இன்றைக்குத் தளர மறுத்தது. எமல்டாவின் கை ஒரு தடவை தோளின் மேல் வந்து அழுத்தாமல் இருந்தது. விட்டுவிட்டேன். கதவு மூடியது. நீல வெளிச்சம் வந்தது, போனது. மெஷின் மறுபக்கம் சுற்றியது. மறுபடி நீலம். கோவில்பட்டியில் எந்த அறையில், என்ன வெளிச்சத்தில் அவள் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். போஸ் கொடுக்க அவளாலும் முடியாது.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. எமல்டா எப்போதும் செருப்பை இழுத்து இழுத்து நடப்பவர். இன்றைக்குச் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அண்ணே, டேபிள் ஒசரத்துல இருக்கு. எந்திரிச்சிராதீங்க. சொல்றேன்."

"சொல்லும்மா." மாஸ்க்குக்குள்ளிருந்து பாதி வார்த்தைதான் வந்தது.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மல்லாந்து படுத்திருப்பவன் அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகிறது. எமல்டா ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினார். டேபிளை இறக்கினார். துடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்துவிட்டுப் போனைக் கையில் வைத்தார்.

அக்கா அனுப்பிய படம். பின்னால் ஜன்னல், வெளிச்சம் முழுக்கத் தப்பு. வடிவின் நெற்றி வெட்டுப்பட்டுவிட்டது. அவள் வாயைத் திறந்து தூங்குகிறாள், முடி கலைந்து கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் துணிக்குள் பாதி முகம். ஃபோகஸ் துணியில் நிற்கிறது. வேறு யாராவது இப்படி எடுத்திருந்தால் ஏசியிருப்பேன். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எமல்டாவிடம் போனைக் கொடுத்து என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். டேபிள் விளிம்பில் சட்டையில்லாமல், நெற்றியிலும் கன்னத்திலும் சல்லடைத் தடம் பதிந்து, கண் வீங்கி உட்கார்ந்திருந்தேன்.

"தொப்பி போடலையாண்ணே?"

"வேண்டாம். சும்மா எடு."

எடுத்தார். அப்படியே அனுப்பினேன், பார்க்கக்கூட இல்லை.

சாயங்காலம் போனில் வடிவின் குரல் பதிவு வந்தது. தொண்டை கட்டிப்போய், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தாள்.

"போட்டோவ பாத்தேன். பிள்ள பக்கத்துல போன வச்சுப் பாத்தேன். அவளும் தாடைய நெஞ்சுல போட்டுக்கிட்டுத்தான் தூங்குதா. இப்ப உங்க மாதிரியே இருக்கா."

நாளைக்கும் ஒன்பதரைக்குப் போக வேண்டும். களைப்பாக இருக்கிறது. தூங்கப் போகிறேன்.